எக்ஸ்வி6: லினக்ஸ் பழகிய கைக்குக் கட்டளைகள் இடறும் இடங்கள்

லினக்ஸ் தெரியும், இதில் என்ன புதிதாக இருக்கப்போகிறது என்று எக்ஸ்வி6-இல் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் "எக்ஸெக் எல்எஸ் ஃபெயில்டு" என்ற வரியில் வந்து முட்டிக்கொள்வார்கள். 1975-இல் வந்த யுனிக்ஸ் ஆறாம் பதிப்பைப் பின்பற்றி, எம்ஐடியில் பாடம் நடத்துவதற்காக 2006-இல் எழுதப்பட்ட குட்டி இயங்குதளம் இது. கட்டளைகளின் பெயர் பழசு, குணம் வேறு. இங்கே சொல்வது எல்லாம் ரிஸ்க்-ஃபைவ் என்ற செயலி வகைக்கான பதிப்புக்கு.

கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். நீங்கள் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். குழப்பம் வராமல் இருக்க, உதாரணக் கோப்புகளுக்கெல்லாம் எண்களையே பெயராக வைத்திருக்கிறேன்.

படி 1: ஓட்டுவது

கிட் கருவியால் மூலநிரலை இறக்கி, ரிஸ்க்-ஃபைவ் ஜிசிசியும் (சி கம்பைலர்) கியூஎமுவும் (ஒரு முழுக் கணினிபோல நடிக்கும் நிரல்) நிறுவி, அந்த அடைவுக்குள் "மேக் கியூஎமு". அண்மைய மேக்ஃபைல் கியூஎமு 7.2-க்குக் குறைந்ததை ஏற்காது, உபுண்டு 22.04-இல் இருப்பது 6.2. பழையதோடு மல்லுக்கட்டாமல் உபுண்டுவையே மேலேற்றிவிடுவது நல்லது.

கற்றுக்கொள்ளும்போது "மேக் சிபியூஎஸ்=1 கியூஎமு" என்று ஓட்டுங்கள் (இதில் சிபியூஎஸ் மட்டும் ஆங்கிலப் பேரெழுத்தில்). வழக்கமாக அது 3 சிபியூவோடு எழும். பின்னணியில் ஓடும் நிரல்களின் அச்சு ஒன்றோடொன்று கலந்து கண்ணைக் குழப்புவது ஒரே சிபியூவில் குறையும்.

வெளியே வர: கன்ட்ரோல்-ஏ அழுத்தி, கையை எடுத்துவிட்டு, எக்ஸ். கன்ட்ரோல்-சி எக்ஸ்வி6-க்குள் எதையும் நிறுத்தாது. இங்கே சிக்னல் என்ற சமாச்சாரமே கிடையாது. வெறும் "கேட்" தட்டி மாட்டிக்கொண்டால் கன்ட்ரோல்-டி. "பிஎஸ்" கட்டளையும் இல்லை. கன்ட்ரோல்-பி ("பிஎஸ்"-இன் முதல் எழுத்தான அதே பி) அழுத்தினால் ஓடிக்கொண்டிருக்கும் செயல்களின் பட்டியல் வரும்.

படி 2: எல்எஸ்

ஒவ்வொரு வரியிலும் நான்கு பத்தி: பெயர், வகை, ஐநோடு எண் (வட்டில் கோப்பின் அடையாள எண்), பைட் அளவு. வகை 1 என்றால் அடைவு, 2 கோப்பு, 3 சாதனம். "எல்எஸ் -எல்" என்று கேட்டால் "-எல்" என்ற கோப்பைத் திறக்க முடியவில்லை என்று பதில் வரும். கொடிகள் கிடையாது, நட்சத்திரக் குறி விரியாது, மேல் அம்புக்குறியில் பழைய கட்டளை வராது.

படி 3: சிடி (இங்கேதான் எல்லாரும் விழுகிறார்கள்)

எம்கேடிர் 99
சிடி 99
எல்எஸ்

மூன்றாவது வரியில் எக்ஸெக் (நிரலை ஏற்றி ஓட்டும் கெர்னல் அழைப்பு) தோற்கும். எல்எஸ் எங்கும் போய்விடவில்லை. லினக்ஸில் பாத் பட்டியலைப் பார்த்து ஷெல் கட்டளையைத் தேடிக் கொடுக்கும். எக்ஸ்வி6 ஷெல்லில் பாத்தே இல்லை. நீங்கள் தட்டிய சொல்லை அப்படியே கோப்புப் பெயராக எக்ஸெக்கிடம் நீட்டிவிடும். நிரல்கள் அத்தனையும் வேர் அடைவில் கிடக்க, நீங்கள் நிற்பதோ 99-க்குள். முன்னால் சாய்கோடு போட்டு "/எல்எஸ்" என்றால் சரியாகிவிடும்.

அப்படி ஓட்டும்போது "." வரியின் அளவைப் பாருங்கள்: 32. ஓர் அடைவுப் பதிவுக்கு 16 பைட் (ஐநோடு எண்ணுக்கு 2, பெயருக்கு 14), உள்ளே இருப்பது "." ".." என்ற இரண்டு. பெயர் 14 எழுத்தைத் தாண்டக்கூடாது என்பதும் இதனால்தான்.

ஒவ்வொரு தடவையும் சாய்கோடு போட அலுப்பாக இருந்தால் ஷெல்லின் மூலநிரலான எஸ்எச்.சி-யைத் திறங்கள். எக்ஸெக்கை அழைக்கும் வரிக்கும் "ஃபெயில்டு" என்று அச்சிடும் வரிக்கும் நடுவே, பெயருக்கு முன் சாய்கோடு ஒட்டி இன்னொரு எக்ஸெக் போட்டால் போதும். முதல் பயிற்சிக்கு இதைவிட நல்லது கிடைக்காது.

படி 4: சிபி, எம்வி இல்லாமல் சமாளிப்பது

நகலுக்கு "கேட் 77 > 88". பெயர் மாற்ற "எல்என் 77 88", பிறகு "ஆர்எம் 77". இரண்டுக்கும் நடுவே எல்எஸ் போட்டுப் பாருங்கள், இரு பெயருக்கும் ஒரே ஐநோடு எண் இருக்கும். அடைவுக்கு இந்த வித்தை பலிக்காது, எல்என் மறுத்துவிடும். ஆர்எம்டிர் இல்லை; காலி அடைவை ஆர்எம்மே நீக்கும். ஒரு கோப்பின் உச்ச அளவு 268 பிளாக், அதாவது 2,74,432 பைட்.

படி 5: >> செய்கிற துரோகம்

எக்கோ 12345 > 77
எக்கோ 67 >> 77
கேட் 77

12345-க்குக் கீழே 67 வரும் என்றுதானே எதிர்பார்ப்பீர்கள்? வருவது இது:

67
45

ஷெல் >> குறியைப் புரிந்துகொள்கிறது. ஆனால் கோப்பின் கடைசிக்குப் போய் எழுதும் வசதி கெர்னலில் இல்லை. ஆகவே தொடக்கத்திலிருந்தே மேலெழுதுகிறது. 6, 7, வரிமுறிவு ஆகிய மூன்று பைட்டும் 1, 2, 3-ஐத் தின்றுவிட்டன, 45 மிஞ்சியது. பழைய எக்ஸ்86 பதிப்பில் ஒற்றை > குறியே இப்படித்தான் நடந்துகொள்ளும்.

உண்மையாகவே சேர்க்க வேண்டுமானால்:

(கேட் 77; எக்கோ 67) > 88

அடைப்புக்குள் இருக்கும் இரண்டு கட்டளைகளும் ஒரே திறந்த கோப்பையும் அதன் நகர்வு இடத்தையும் பகிர்ந்துகொள்வதால், முதலாவது விட்ட இடத்தில் இரண்டாவது தொடரும். && எழுதாதீர்கள், "லெஃப்ட்ஓவர்ஸ்" என்று திட்டும். மேற்கோள் குறிகளும் வெறும் எழுத்துதான், எக்கோ அவற்றையும் சேர்த்தே அச்சிடும். கட்டளைப் பெயரோடு சேர்த்து 9 சொல்லுக்கு மேல் போகாது.

படி 6: ஆர்எம்

பயனர், அனுமதி எதுவும் இல்லாததால் "ஆர்எம் எல்எஸ்" என்றால் கேள்வி கேட்காமல் எல்எஸ் போய்விடும். "ஆர்எம் எஸ்எச்" செய்துவிட்டுக் கன்ட்ரோல்-டி அழுத்தினால், ஷெல்லைக் கிளப்ப முடியாத இனிட் (முதலில் எழும் நிரல்) அதே எக்ஸெக் பிழையை நிற்காமல் அச்சிட்டுக்கொண்டே இருக்கும். வெளியே வந்து எஃப்எஸ்.ஐஎம்ஜி கோப்பை (எக்ஸ்வி6-இன் வட்டுப் படம்) அழித்துவிட்டு மறுபடி மேக் செய்யுங்கள்.

எல்லாம் அந்த வட்டுப் படத்துக்குள் இருப்பதால் இன்னொன்று: நீங்கள் உள்ளே உருவாக்கும் கோப்புகள் மறுதொடக்கத்துக்குத் தாங்கும். ஆனால் ஏதாவது ஒரு பயனர் நிரலைத் திருத்தி மேக் செய்தால் வட்டுப் படம் புதிதாகக் கட்டப்படும், 77-ம் 88-ம் போய்விடும்.

பின்சேர்க்கை: கன்ட்ரோல்-ஏ, எக்ஸ் அழுத்தியும் வெளியே வரவில்லை என்றால், நீங்கள் "ஸ்கிரீன்" நிரலுக்குள் இருக்கலாம். கன்ட்ரோல்-ஏவை அது தனக்கென்று பிடித்துக்கொள்ளும். கன்ட்ரோல்-ஏ, அடுத்து வெறும் ஏ, அதற்கப்புறம் எக்ஸ்.