நாயோடு நடக்கையில் காட்டுப்பூவைப் படமெடுப்பது எப்படி?

கேரளத்தின் பீர்மேட்டு மலைப் பக்கம் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து வரும் செப்டம்பர்தான் இதைக் கற்றுக்கொள்ள நல்ல காலம். என் இரண்டு நாய்களோடு குட்டிக்கானம் பைன் மரங்களை ஒட்டி நடக்கும்போது நான் படமெடுக்கும் முறை இது. கைபேசி ஒன்றே போதும்.

முதலில் இடம். பைன் காட்டின் நடுவில் பூவைத் தேடாதீர்கள். உதிர்ந்த ஊசியிலைகள் மெத்தைபோல மூடிக் கிடப்பதால் அங்கே அதிகம் எதுவும் தலைகாட்டாது. பைன் இங்கே நட்டு வளர்த்த மரம். இந்த மலையின் சொந்தப் பூக்களைக் காட்டின் விளிம்பில், ஓடைக்கரையில், நீர் கசியும் பாறையில் பாருங்கள். காட்டுக் காசித்தும்பை அங்கே இளஞ்சிவப்பாகக் கூட்டமாக நிற்கும். பலரும் நீலக்குறிஞ்சியையே கேட்கிறார்கள். மூணாறுப் பக்கம் 2018இல் பூத்தது, இனி 2030தான். அது புல்வெளிப் பூ. அது பூக்கும் இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குள் நாயை அழைத்துப் போகவும் முடியாது. காசித்தும்பைக்கு அப்படிக் காத்திருக்க வேண்டாம், மழைதோறும் பூத்துவிடுகிறது.

அடுத்து நாய். அது அமைதியாகும்வரை கைபேசியை வெளியே எடுக்காதீர்கள். ஐந்து நிமிடம் ஆசைதீர மோப்பம் பிடிக்கட்டும், தண்ணீர் கொடுங்கள். பிறகு பூவுக்கு எட்டாத தூரத்தில், உங்கள் கண்பார்வையிலேயே ஒரு மரத்தில் கயிற்றைக் கட்டுங்கள். இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டாம். ஊசியிலைத் தரை வழுக்கும், ஒரு இழுப்பில் விழுந்துவிடுவீர்கள். ஒருமுறை எங்கள் கருப்பனை அருகிலேயே விட்டிருந்தேன். அவன் வால் பட்டதும் முற்றிய காசித்தும்பைக் காய்கள் பட்பட்டென வெடித்து, விதைகள் என் கன்னத்தில் தெறித்தன. நான் எடுக்க நினைத்த பூவும் உதிர்ந்துபோனது.

இப்போது படம். மண்டியிட்டு, முழங்கையைத் தரையில் ஊன்றி, பூவின் உயரத்துக்கு இறங்குங்கள். காசித்தும்பையின் அழகு அதன் பின்னால் நூலாக வளைந்து நீளும் தேன்குழலில் இருக்கிறது. நேர் எதிரே நின்று எடுத்தால் அது மறைந்துவிடும். பக்கவாட்டில் எடுத்தால் இதழும் குழலும் சேர்ந்து தெளிவாக விழும். பின்னணிக்கு இரண்டு பைன் மரங்களுக்கு இடையே உள்ள இருட்டைத் தேர்ந்தெடுங்கள். திரையில் பூவின்மேல் விரலை அழுத்திக் குவியத்தை (ஃபோகஸ்) அதிலேயே நிலைநிறுத்தி, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். பின்னால் இருட்டாக இருக்கும்போது கைபேசி தானாக வெளிச்சத்தைக் கூட்டும். இதழின் நிறம் வெளுத்துப்போகும். மேகமூட்டமான காலைப்பொழுது மிகவும் நல்லது. வெயில் அடித்தால் குடையைப் பிடித்து நிழல் கொடுங்கள். காற்று நிற்கும்வரை பொறுத்திருந்து, அடுத்தடுத்து ஐந்தாறு படம் எடுங்கள். குறுக்கே நிற்கும் புல்லைப் பிடுங்காமல் ஒதுக்கிப் பிடித்தாலே போதும்.

வீடு திரும்பியதும் நாயின் விரலிடுக்குகளையும் காது மடல்களையும் தடவிப் பாருங்கள். ஈரக்காலத்தில் அட்டை ஏறியிருக்கும். பிடித்து இழுக்காமல், கடித்த இடத்தில் நகத்தை நுழைத்து மெல்ல நெம்பி எடுங்கள். படங்களை அதற்குப் பிறகு பார்க்கலாம்.