நொடிக்கு ஒரு பந்து: லெகோ பந்து இயந்திரத்தின் முதல் அலகைக் கட்டும் முறை

லெகோ கட்டைகளால் ஆன நீண்ட வரிசை ஒன்றில் நூற்றுக்கணக்கான சிறு பந்துகள் ஓர் இயந்திரத்திலிருந்து அடுத்த இயந்திரத்துக்கு ஏறியும் இறங்கியும் உருண்டும் ஓயாமல் பயணம் செய்யும் அமைப்பை, உலகெங்கும் உள்ள கட்டுநர்கள் கிரேட் பால் கான்ட்ராப்ஷன் என்றும் சுருக்கமாக ஜிபிசி என்றும் அழைக்கிறார்கள். இத்தகைய இயந்திரங்களுக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்தவர்களில் முதன்மையானவர் ஜப்பானைச் சேர்ந்த அகியூகி. 2012இல் அவர் வெளியிட்ட காணொளியில் 17 அலகுகள், அதாவது வரிசையில் சேரும் தனித்தனி இயந்திரங்கள், வழியாக ஏறத்தாழ 31 மீட்டர் நீளப் பாதையில் பந்துகள் ஓடின. அதைப் பார்ப்பவர்களின் மனத்தில் நிற்பவை சுழலும் திருகுகளும் துள்ளி எழும் கரங்களும்தான். ஆனால் கட்ட உட்காருபவர் முதலில் கவனிக்க வேண்டியது வேறொன்று: ஓர் அலகின் வேலை, வரும் பந்துகளைத் தயங்காமல் வாங்கிக்கொண்டு அதே வேகத்தில் அடுத்த அலகுக்குக் கொடுப்பது. இந்தக் கட்டுரை அந்த ஒன்றை மட்டுமே இலக்காகக் கொண்டு, முதன்முறையாகக் கட்டுபவருக்கு மிகப் பொருத்தமான படிக்கட்டு ஏற்றியை எப்படி அமைப்பது என்று விளக்குகிறது.

ஒருவர் கட்டிய அலகு முன்பின் அறியாத இன்னொருவரின் அலகோடு சேர்ந்து இயங்குவதற்குக் காரணம், எல்லோரும் பின்பற்றும் ஒரு சிறிய விதிமுறை. அமெரிக்காவைச் சேர்ந்த ஸ்டீவ் ஹாசன்பிளக் வெளியிட்ட அந்த விதிமுறையின்படி, ஒவ்வோர் அலகின் இடப்புறத்திலும் ஒரு வரவுத் தொட்டி இருக்க வேண்டும். தொட்டியின் வெளியளவு 10×10 குமிழ் (கட்டையின் மேலுள்ள சிறு முண்டு), உள்வாய் 8×8 குமிழ், விளிம்பின் உயரம் 10 கட்டை. பந்துகள் இடமிருந்து வலமாகச் சென்று அடுத்த அலகின் தொட்டியில் விழ வேண்டும். சராசரியாக நொடிக்கு ஒரு பந்து என்ற வேகத்தை அலகு தாங்க வேண்டும். முந்தைய அலகு பந்துகளைச் சேர்த்து வைத்து ஒரே தடவையில் 30 வரை கொட்டினாலும் திணறக் கூடாது. அலகுகளை ஒன்றோடொன்று பிணைக்கத் தேவையில்லை, அருகருகே வைத்தாலே போதும் என்பது இதன் பெரிய நன்மை. பழுதான அலகை மட்டும் வரிசையிலிருந்து உருவி எடுத்துவிடலாம்.

இந்த எண்களை மில்லிமீட்டரில் மாற்றிக்கொள்வது வடிவமைப்பின் முதல் படி. குமிழுக்குக் குமிழ் 8 மி.மீ.; ஒரு கட்டையின் உயரம் 9.6 மி.மீ.; தகட்டின் உயரம் அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 3.2 மி.மீ. எனவே தொட்டியின் உள்வாய் 64 மி.மீ., விளிம்பு 96 மி.மீ. உயரத்தில் அமைகிறது. வழக்கமாகப் பயன்படும் லெகோ கால்பந்து அல்லது கூடைப்பந்தின் விட்டம் ஏறத்தாழ 14 மி.மீ. இரண்டு குமிழ் அகலக் கால்வாயில் ஒரு பந்து 2 மி.மீ. இடைவெளியோடு நன்றாக உருளும். நான்கு குமிழ் அகலத்தில் இரண்டு பந்துகள் பக்கம் பக்கமாகச் செல்லும். மூன்று குமிழ் அகலம் மட்டும் கூடவே கூடாது. 24 மி.மீ. இடத்தில் இரு பந்துகள் அருகருகே நிற்க இயலாது, ஒன்றன்பின் ஒன்றாகவும் நேராக நிற்காது. சாய்வாக ஒன்றையொன்று முட்டி நின்று அடைத்துக்கொள்ளும்.

பந்து இயந்திரங்கள் நிற்பதற்குப் பெரும்பாலும் மோட்டார் காரணமாக இருப்பதில்லை, அடைப்புதான் காரணம். அகன்ற தொட்டியிலிருந்து குறுகிய வாய்க்குப் பந்துகள் இறங்கும்போது, வாயின் இரு ஓரங்களிலும் ஊன்றியபடி இரண்டு மூன்று பந்துகள் வளைவு போல் பூட்டிக்கொள்கின்றன. மாவு மில்லில் தானியம் கொட்டும் புனல் அடைத்துக்கொண்டால் பக்கத்தில் தட்டிவிடுவார்களே, அதே சிக்கல்தான் இங்கும். மேலிருந்து எத்தனை பந்துகள் அழுத்தினாலும் வளைவு உடையாது, இன்னும் இறுகும். இதற்குப் பலர் தொட்டியை அசைக்கும் பொறியையோ கிளறும் கரத்தையோ கூடுதலாகச் சேர்க்கிறார்கள். அவை பயன் தருபவைதான். ஆயினும் குறுகிய வாயே இல்லாமல் செய்துவிடுவதுதான் மேலான வழி என்பது என் உறுதியான கருத்து. படிக்கட்டின் அகலத்தைத் தொட்டியின் உள்வாய்க்குச் சமமாக 8 குமிழாகவே வைத்துவிட்டால், பந்துகள் எங்கும் நெருக்கப்படாமல் நேராக முதல் படிக்கு உருண்டு செல்லும்.

படிக்கட்டு ஏற்றியின் தத்துவம் எளியது. ஒற்றைப்படை எண்ணுள்ள படிகள் ஒரு குழுவாகவும், இரட்டைப்படை எண்ணுள்ளவை மற்றொரு குழுவாகவும் எதிரெதிராக மேலும் கீழும் அசைகின்றன. ஒரு குழு உச்சியில் இருக்கும்போது மற்றது அடியில் இருக்கும். முதல் படி பந்துகளைத் தூக்கிக்கொண்டு உயரும் அதே நேரத்தில் இரண்டாம் படி தாழ்ந்து வர, பந்துகள் இரண்டாம் படிக்கு உருள்கின்றன. பிறகு இரண்டாம் படி உயர, மூன்றாம் படி தாழ்ந்து வந்து அவற்றை வாங்கிக்கொள்கிறது. இது நடக்க ஒரே ஒரு நிபந்தனை உண்டு: படிகள் மேலும் கீழும் அசையும் தொலைவு, அடுத்தடுத்த படிகளின் சராசரி உயர வேறுபாட்டைவிட அதிகமாக இருக்க வேண்டும்.

படிகளை அசைப்பது கிராங்க், அதாவது அச்சோடு சுழன்று அவற்றை மேலும் கீழும் தள்ளும் கரம். அச்சு, பல்சக்கரம், துளையுள்ள சட்டம் ஆகியவை அடங்கிய லெகோவின் டெக்னிக் உறுப்புகளில், அச்சிலிருந்து ஒரு துளை தள்ளி ஊசி செருகிய கிராங்கின் ஆரம் 8 மி.மீ.; ஆகவே மொத்த அசைவு 16 மி.மீ. படிக்குப் படி ஒரு கட்டை உயரம், அதாவது 9.6 மி.மீ. வேறுபாடு வைத்தால் 6.4 மி.மீ. மிச்சம் கிடைக்கும். இந்த மிச்சத்தை வீணாக்க வேண்டாம். படியின் மேற்புறம் தட்டையாக இருந்தால் பந்து எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றுவிடும். எனவே பந்து போக வேண்டிய திசையில் அது சற்றுச் சரிந்திருக்க வேண்டும். அந்தச் சரிவு எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு மிச்சத்திலிருந்து கழிந்துவிடும் என்பதால், 3 மி.மீ. அளவுக்குச் சரிந்தாலே போதும். குமிழ்கள் எங்கும் வெளியே தெரியக் கூடாது. வழவழப்பான டைல்களாலும் சரிவுத் துண்டுகளாலும் மூடிவிட வேண்டும்.

படியின் ஆழம் 2 குமிழ். இதில் ஒரே ஒரு வரிசைப் பந்துகள்தான் உட்காரும். மேலே ஏறி நிற்கும் உபரிப் பந்துகள், படி உயரும்போது தாமாகவே தொட்டிக்குள் பின்னால் உருண்டுவிடும். ஒவ்வொரு படியின் முக உயரத்தையும் கணக்கிட்டே வைக்க வேண்டும். ஒரு படி அடியிலும் அதற்கு அடுத்தது உச்சியிலும் இருக்கும் தருணத்தில் இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு 25.6 மி.மீ. மேல்படியின் முகம் அதைவிடக் குட்டையாக இருந்தால், அடியில் ஒரு வெடிப்பு திறக்கும். மேல்படி இறங்கும்போது பந்து அதில் நசுங்கும். ஆகவே 3 கட்டை உயரம், அதாவது 28.8 மி.மீ., தேவை. முதல் படிக்கு மட்டும் எதிரே அசையாத தொட்டித் தளம் இருப்பதால் 2 கட்டை உயரம் போதுமானது.

இனி எத்தனை படிகள் தேவை என்று பார்க்கலாம். தொட்டியின் தளத்தை 3 கட்டை உயரத்தில், அதாவது 28.8 மி.மீ.இல் வைத்து, முதல் படி தன் அடிநிலையில் அந்தத் தளத்தோடு சமமாக நிற்குமாறு அமைக்கவும். மயிரிழை தாழ்ந்தால் பாதகமில்லை, உயரவே கூடாது. பத்துப் படிகள் இருந்தால், கடைசிப் படி உச்சிக்கு வரும்போது அதன் மேற்புறம் 131 மி.மீ. உயரத்தைத் தொடும். அடுத்த தொட்டியின் விளிம்பு 96 மி.மீ.தான் என்பதால், 12 கட்டை உயரத்தில் ஒரு சறுக்குத்தளத்தைத் தொடங்கி, 8 குமிழ் நீளத்துக்கு ஒரு தகடு என்ற அளவில் இறக்கிக்கொண்டு போனால் பந்துகள் தாராளமாகச் சென்று விழும். அடுத்த தொட்டியின் வாயும் 8 குமிழ் அகலமே என்பதால், இந்தச் சறுக்குத்தளத்தையும் அதே அகலத்தில் விட்டுவிடலாம். இரு ஓரங்களிலும் 2 கட்டை உயரச் சுவர் போதும். பத்துப் படிகளின் நீளம் 20 குமிழ், தொட்டி 10 குமிழ். ஆக, சறுக்குத்தளம் நீங்கலாக முழு அலகும் 32 குமிழ் நீளமுள்ள அடித்தகட்டில் அடங்கிவிடும்.

அகலப் படிக்கட்டின் உண்மையான பலன் வேகக் கணக்கில்தான் தெரியும். 64 மி.மீ. அகலப் படியில் நான்கு பந்துகள் உட்காரும். கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒவ்வொரு படியும் ஒரு தடவை பந்துகளை ஏற்றி அனுப்புகிறது. அதாவது ஒரு சுற்றுக்கு நான்கு பந்துகள். நிமிடத்துக்கு 20 சுற்றே சுற்றினாலும் 80 பந்துகள் ஏறும். எல்லாப் படியும் எப்போதும் நிறைவதில்லை என்பதால் எழுபது என்றே வைத்துக்கொள்வோம். விதிமுறை கேட்பது அறுபதுதான். 30 பந்துகள் ஒன்றாக வந்து விழுந்தாலும் அரை நிமிடத்துக்குள் தொட்டி காலியாகிவிடும். இதே அளவு பந்துகளை ஒற்றைப் பந்து அகலப் படிக்கட்டில் ஏற்ற வேண்டுமானால் கிராங்க் நான்கு மடங்கு வேகமாகச் சுற்ற வேண்டியிருக்கும். அப்போது பந்துகள் துள்ளும், அச்சுகள் தேயும், ஓசையும் கூடும்.

லெகோவின் பவர் ஃபங்ஷன்ஸ் என்ற மின்னுறுப்பு வரிசையின் எம் மோட்டார் 9 வோல்ட்டில் சுமையின்றி நிமிடத்துக்கு ஏறத்தாழ 400 சுற்றுச் சுற்றும். 8 பல் சக்கரத்திலிருந்து 40 பல் சக்கரத்துக்கும், பிறகு மறுபடி 8 பல்லிலிருந்து 24 பல்லுக்கும் மாற்றினால் வேகம் 15இல் ஒரு பங்காகக் குறையும். சுமையின்றி 27 சுற்று, சுமையோடு 20க்கு அருகில் நிற்கும். அந்த வரிசை இப்போது தயாரிப்பில் இல்லை. 2018இல் தொடங்கிய பவர்டு அப் வரிசையின் மோட்டார்களையும் பயன்படுத்தலாம், பற்களின் விகிதத்தை மட்டும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும். இந்த இரண்டு இணைகளில் இரண்டாவதில், 24 பல்லுள்ள வெள்ளை நிற வழுக்கும் பல்சக்கரத்தைக் கட்டாயம் வைக்கவும். பந்து எங்கேனும் சிக்கி அனைத்தும் இறுகும்போது இந்தச் சக்கரத்தின் நடுப்பகுதி வழுக்கிச் சுற்றும். மோட்டாரும் பற்களும் தப்பிக்கும்.

இரு குழுக்களும் எதிரெதிராக இயங்குவதால் ஒன்றின் எடை மற்றொன்றைச் சமன்செய்கிறது. 2×4 கட்டை ஒன்று சுமார் 2.3 கிராம், 8 குமிழ் அகலமும் 3 கட்டை உயரமும் உள்ள ஒரு படிக்கு ஆறு கட்டைகள், ஏறத்தாழ 14 கிராம். இரு பக்கமும் ஐந்தைந்து படிகள் என்பதால் மோட்டார் உண்மையில் தூக்குவது பந்துகளின் எடையையும் உராய்வையும் மட்டுமே. குறுக்குவெட்டில் சிலுவை வடிவம் கொண்ட லெகோ அச்சில் கிராங்குகளைத் துல்லியமாக நேரெதிராகப் பொருத்துவதும் எளிது.

கவனம் மிகுதியாகத் தேவைப்படும் இடம் வழிகாட்டிகள். ஒவ்வொரு குழுவும் 20 குமிழ் நீளத்துக்குப் பரவியிருப்பதால், அதை ஒரு முனையில் மட்டும் தள்ளினால் சாய்ந்து இறுகிவிடும். எனவே படிக்கட்டின் முன்முனையிலும் பின்முனையிலும் ஒவ்வொரு கிராங்க் அச்சை வைத்து, இரண்டையும் சம அளவுப் பல்சக்கரங்களாலும் டெக்னிக் சங்கிலியாலும் இணைத்து ஒரே கட்டத்தில் சுழலச் செய்ய வேண்டும். செங்குத்தாக நிற்கும் நீண்ட அச்சுகள், சட்டங்களின் வட்டத் துளைகளுக்குள் வழுக்கி ஓடும்படி அமைத்தால் அவை நல்ல வழிகாட்டிகள் ஆகும். ஒவ்வோர் அச்சும் மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு துளைகள் வழியே செல்ல வேண்டும். கிராங்க் அச்சுகளையும் இரு பக்கங்களிலும் தாங்க வேண்டும். அச்சை இடத்தில் நிறுத்தும் சிறு வளையங்களான புஷ்களை இறுக்கி அழுத்தாமல் நூலிழை இடைவெளி விடவும். மோட்டாரைப் பொருத்தும் முன்பு முழு அமைப்பையும் கையால் சுற்றிப் பார்க்கவும். ஒரு சுற்றில் எந்த இடத்திலாவது கை கனத்தால், அங்கே ஏதோ உரசுகிறது என்று பொருள். அதை மோட்டாரின் வலிமையால் கடக்க நினைக்காமல், உரசலைக் கண்டுபிடித்து நீக்கிய பிறகே மேற்செல்ல வேண்டும்.

சோதனைக்கு நொடிமுள் உள்ள கடிகாரமும் 30 பந்துகளும் போதும். எல்லாப் பந்துகளையும் ஒரே கையில் அள்ளித் தொட்டியில் கொட்டி, கடைசிப் பந்து தொட்டியை விட்டு முதல் படியில் ஏற எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கவும். அரை நிமிடத்தைத் தாண்டினால் படிகள் நிறையாமல் ஏறுகின்றன, தொட்டித் தளத்தின் சரிவைச் சற்றே கூட்ட வேண்டும். அடுத்து, வெளியேறும் பந்துகளைத் திரும்பத் தொட்டிக்கே கொண்டுவரும் தற்காலிகக் கால்வாய் ஒன்றை அமைத்து, இடைவிடாமல் சில மணி நேரம் ஓட விடவும். அலைபேசியின் மெதுநகர்வுக் காணொளி இங்கே பேருதவி புரியும். பந்து படியின் ஓரத்தில் ஒரு கணம் தயங்கினாலும், மணிக்கணக்கில் ஓடும் கண்காட்சியில் அந்தத் தயக்கம் ஒருநேரம் அடைப்பாக மாறும். துளைகளின் ஓரத்தில் மெல்லிய தூள் சேர்ந்திருந்தால் அந்த அச்சு வளைந்தோ மிகுந்த பளுவோடோ ஓடுகிறது.

கண்காட்சிக்கு எடுத்துச் செல்லும்போது மின்கலங்களை நம்ப வேண்டாம். ஆறு சாதாரண மின்கலங்கள் 9 வோல்ட் தரும்; மீள்மின்னேற்றும் வகை ஒவ்வொன்றும் 1.2 வோல்ட் என்பதால் 7.2 வோல்ட்தான் கிடைக்கும், அதற்கேற்பப் படிக்கட்டும் மந்தமாகும். இதனால்தான் அனுபவம் வாய்ந்த கட்டுநர்கள் பழைய 9 வோல்ட் லெகோ ரயிலின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைச் சுவர் மின்சாரத்தோடு இணைத்து, அதிலிருந்து மாற்றுக் கம்பி வழியாக மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கிறார்கள். வேகத்தைத் திருகி மாற்றவும் அதில் வசதி உண்டு. வரிசையில் மற்ற அலகுகளோடு சேர்ந்த பிறகு உங்கள் தொட்டியில் பந்துகள் மெல்ல மெல்ல உயர்ந்துகொண்டே வந்தால், வேகத்தை ஒரு நிலை கூட்டவும்; தொட்டி எப்போதும் ஏறக்குறைய காலியாகவே இருந்தால், ஒரு நிலை குறைத்து உறுப்புகளின் தேய்மானத்தை மிச்சப்படுத்தவும்.