மகப்பேறு விடுப்பு: பேப்பர் போடுவதற்கு முன்

படிவத்தைத் தப்பாக நிரப்புவது, சான்றிதழை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடும். தனியார் வேலையில் இருப்பவர்களின் பணத்தையும் வேலையையும் பறிக்கும் தவறுகள் வேறு.

"ரிசைன் பண்ணிட்டு அப்புறம் சேர்ந்துக்கலாம்"

ஐந்தாம் மாதம் வாக்கில் ஹெச்.ஆர். கூப்பிட்டு, "இப்போதைக்கு பேப்பர் போட்டுடுங்கம்மா, குழந்தை பிறந்ததும் திரும்ப எடுத்துக்கறோம்" என்பார். நல்லெண்ணம் என்று நம்பி எழுதிக் கொடுப்பவர்களை இன்றும் பார்க்க முடிகிறது. ஆத்திரம்தான் வருகிறது.

இரண்டு குழந்தைகள் வரை, முழுச் சம்பளத்துடன் 26 வார விடுப்பு உண்டு. 2017 சட்டத் திருத்தத்துக்கு முன் இது 12 வாரம்தான். மாதம் 40,000 ரூபாய் வாங்குபவருக்கு 26 வாரச் சம்பளம் ஏறத்தாழ 2.4 லட்சம். கையெழுத்துப் போட்டால் அத்தனையும் போச்சு. கிராஜுட்டிக்கான (பணிக்கொடை) தொடர் சேவையும் அறுந்துவிடும். விடுப்பில் போயிருந்தால் அந்த 26 வாரமும் சேவைக் காலமாகவே கணக்கில் வரும்.

"நீங்க இன்னும் புரபேஷன்", "கான்ட்ராக்ட்தானே" என்பதும் எடுபடாது. உத்தேசப் பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் பேறுகாலப் பலன் தொடரும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. மகப்பேறு விடுப்பில் இருப்பவரை நீக்குவது சட்டவிரோதம். அதனால்தான் நீங்களாகவே போவதாக எழுதி வாங்கப் பார்க்கிறார்கள்.

கையெழுத்துப் போடாதீர்கள். அன்று மாலையே ஒரு மெயில் அனுப்புங்கள்: உத்தேசப் பிரசவத் தேதி, விடுப்பு தொடங்கும் தேதி, இணைப்பில் மருத்துவர் சான்று. சொந்த மெயிலுக்கும் ஒரு பிரதி போகட்டும். தகராறு வந்தால் முதலில் முடக்கப்படுவது அலுவலக மெயில்தான். மேலும் நெருக்கினால் தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கலாம்.

எட்டு வாரத்தையும் முன்பே செலவழிப்பது

பிரசவத்துக்கு முன் அதிகபட்சம் 8 வாரம் எடுக்கலாம், எடுத்தே தீர வேண்டும் என்றில்லை. முழுதாக எடுத்தால் குழந்தையோடு இருக்க 18 வாரம்தான் மிஞ்சும். கர்ப்பத்தால் உடல்நலம் கெட்டால், சான்றுடன் சம்பளத்தோடு கூடுதலாக ஒரு மாதம் வரை கேட்கலாம். பலர் இதைக் கேட்பதே இல்லை.

இ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருந்துகொண்டு நிறுவனத்தைக் கேட்பது

இவர்களுக்கு விடுப்புக் காலப் பணம் இ.எஸ்.ஐ.யிலிருந்துதான் வரும். முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் (ஒவ்வொன்றும் ஆறு மாதம்) 70 நாளுக்காவது சந்தா கட்டியிருக்க வேண்டும்.

அப்பாவுக்கும் லீவு உண்டு என்று நம்பியிருப்பது

மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள். தனியாரில் சட்டம் இல்லை. ஆஃபர் லெட்டரைப் பாருங்கள்.

திரும்பிய பிறகு கேட்காமல் இருப்பது

50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பக வசதி கட்டாயம். தாய் நாளொன்றுக்கு நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட இரண்டு இடைவேளை தனியாக உண்டு. வீட்டிலிருந்து வேலை மட்டும் நிறுவனம் சம்மதித்தால்தான். எத்தனை மாதம், வாரத்தில் எந்தெந்த நாள் என்பதை விடுப்பு முடிவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.