மின் டிராயிங் ஏன் இழுத்துக்கொண்டே போகிறது? தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் பேனல் போர்டு (மின் கட்டுப்பாட்டுப் பெட்டி) செய்து கொடுக்கும் சின்னச் சின்ன ஆபீஸ்களில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது: "டிராயிங் போடுற பையன் ரொம்ப ஸ்லோ." பெரும்பாலும் அந்தப் பையன் மேல் தப்பு இருக்காது. ஆட்டோகேட் என்ற வரைபட சாஃப்ட்வேரில் கோடு போட அதிக நேரம் ஆகாது. போட்டதைத் திருத்துவதிலும், திருத்தம் எங்கெல்லாம் விடுபட்டது என்று தேடுவதிலும்தான் நாள் கரைகிறது. ஒரே விவரத்தை நாலு இடத்தில் தனித்தனியாக எழுதி வைக்கும் பழக்கமே இதற்குக் காரணம்.

சின்னமுட்டத்தில் ஓர் ஐஸ் பிளான்ட்டுக்கு ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் (மோட்டாரைக் குறைந்த கரண்டில் கிளப்பிவிட்டு, பிறகு முழு வோல்டேஜுக்கு மாற்றும் அமைப்பு) பேனல் செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். கம்ப்ரஸர் மோட்டார் 15 ஹெச்பி. பாதி வேலையில் பார்ட்டி போன் செய்து, "20 ஹெச்பி போட்டுட்டோம்" என்கிறார். சிங்கிள் லைன் டயகிராமில் (சப்ளை போகும் வழியை ஒற்றைக் கோட்டில் காட்டும் படம்) 15ஐ அழித்து 20 என்று எழுதினால் முடிந்ததா? 415 வோல்ட்டில் 15 ஹெச்பி மோட்டார் சுமார் 21 ஆம்பியர் எடுக்கும். 20 ஹெச்பி சுமார் 28. ஓவர்லோடு ரிலே (கரண்ட் அளவு மீறினால் மோட்டாரை நிறுத்துவது) மெயின் கான்டாக்டரை (சப்ளையை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) அடுத்து, மோட்டார் வைண்டிங்குக்குப் போகும் வழியில் இருந்தால் அதில் லைன் கரண்டில் 58 சதவீதம்தான் ஓடும். ஆக 12 ஆம்பியராக இருந்தது 16 ஆகிறது. மெட்டீரியல் லிஸ்டில் மட்டும் பழைய 9–14 ஆம்பியர் ரிலே அப்படியே நின்றுவிட்டால், மோட்டார் முழு லோடுக்கு வந்த கொஞ்ச நேரத்தில் ட்ரிப் ஆகும். பிளான்ட்டில் மீன்காரர்கள் ஐஸுக்குக் காத்திருக்க, கடையில் ரிலே தேடி ஆள் அலைவார். ரிலேயோடு முடியாது. மூன்று கான்டாக்டர், எம்சிசிபி (மெயின் பிரேக்கர்), கேபிள், கிளாண்ட் (கேபிள் பேனலுக்குள் நுழையும் இடத்தில் அதைப் பிடிப்பது), லக் (கேபிள் முனையில் மாட்டுவது), ஆம்மீட்டருக்கான சிடி ரேஷியோ (கரண்டைக் குறைத்துக் காட்டும் டிரான்ஸ்ஃபார்மரின் விகிதம்) என்று அத்தனையையும் ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும்.

இதற்கு விலை உயர்ந்த சாஃப்ட்வேர் தேவையில்லை. லோடு லிஸ்ட் என்று ஒரே ஒரு எக்செல் ஷீட் போதும். மோட்டார் ஹெச்பி, கரண்ட், ஸ்டார்ட்டர் வகை, கேபிள் அளவு, தூரம் எல்லாம் அதில்தான் எழுத வேண்டும். கேபிள் ஷெட்யூலும் (எந்தக் கேபிள் எங்கிருந்து எங்கே என்ற பட்டியல்) மெட்டீரியல் லிஸ்டும் அந்த ஷீட்டிலிருந்து ஃபார்முலாவால் எடுத்துக்கொள்ளட்டும். டிராயிங்கில் எம்-101, கேபிள் ஷெட்யூலில் 'கம்ப்ரஸர் 1', லிஸ்டில் 'பெரிய மோட்டார்' என்று ஒரே மோட்டாருக்கு மூன்று பெயர் வைத்தால் எந்த ஃபார்முலாவும் உதவாது. டேக் (அடையாளப் பெயர்) ஒன்றுதான், கடைசிவரை அதுதான்.

தூரத்தைக் கேட்க மறப்பது அடுத்த தவறு. மெயின் போர்டிலிருந்து பேனலுக்கு 150 மீட்டர் என்பது கேபிள் வாங்கும் அன்றுதான் தெரியவரும். 28 ஆம்பியரை 10 ஸ்கொயர் எம்எம் அலுமினியம் கேபிள் தாங்கும், அதனால் அதையே எழுதியிருப்பார்கள். ஆனால் அவ்வளவு தூரத்தில் வோல்டேஜ் டிராப் 23 வோல்ட் பக்கம் வரும், ஐந்தரை சதவீதம். 16 ஸ்கொயர் எம்எம் போட்டால் 14 வோல்ட் பக்கம் நிற்கும். மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது கரண்ட் இதற்கு மேல் ஏறும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கேபிள் தடித்தால் கிளாண்ட் மாறும், கிளாண்ட் பிளேட்டில் ஓட்டை மாறும். பெயின்ட் அடித்த பேனலில் புது ஓட்டை போடுவதை யாருமே விரும்புவதில்லை.

பேனல் எங்கே வைக்கப்படும் என்பதையும் முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது. நம் மாவட்டத்தில் இது சாதாரணக் கேள்வி இல்லை. குளச்சல், முட்டம் கடற்கரையில் உப்புக்காற்று; ஆரல்வாய்மொழி பக்கம் விடாத காற்றும் தூசியும். ஃபேனும் லூவரும் (காற்றுத் திறப்பு) வைத்த பேனல் கடற்கரையில் உப்பை உள்ளே இழுத்துக்கொள்ளும், டெர்மினல் பச்சை பூத்துவிடும். சரி, ஐபி 55 (தூசி, தண்ணீர் தடுப்புத் தரம்) மூடிய பேனலாக்கிவிடலாம் என்று கடைசியில் முடிவெடுத்தால் சூடு வெளியேற வழியிருக்காது. மோட்டார் வேகத்தை மாற்றும் 15 கிலோவாட் டிரைவ் ஒன்று உள்ளே இருந்தால் சுமார் 3 சதவீத இழப்பு என்றாலும் 450 வாட் சூடு. பேனல் அளவைக் கூட்ட வேண்டும், லேஅவுட்டை முதலிலிருந்து வரைய வேண்டும். ஒரு போன் காலில் முடிந்திருக்க வேண்டியது.

பழைய டிராயிங்கைக் காப்பி எடுத்து வேலையைத் தொடங்குவதில் தப்பில்லை, எல்லோரும் செய்வதுதான். நோட்ஸ் பகுதியை யாரும் படிப்பதில்லை என்பதுதான் வம்பு. 'இந்திய மின்சார விதிகள் 1956-ன்படி' என்ற வரி இன்னும் பல டிராயிங்குகளில் உட்கார்ந்திருக்கிறது. அந்த விதிகளின் இடத்தில் மத்திய மின்சார ஆணையத்தின் 2010 ஒழுங்குமுறைகள் வந்தன, அப்புறம் 2023-ல் புதியவை வந்துவிட்டன. காப்பிக்குப் பதிலாக, சுத்தம் செய்த ஒரு டெம்ப்ளேட் ஃபைலும் சிம்பல் லைப்ரரியும் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை வராது.

ஃபைல் பெயர் விஷயம் சொல்லியே ஆக வேண்டும். 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'ஓகே ஃபைனல்' என்று வாட்ஸ்அப்பில் மூன்று பிடிஎஃப் சுற்றினால், பேனல் ஒயரிங் செய்பவர் எதைத் திறப்பார்? ஆர்0, ஆர்1 என்று எண் போடுங்கள். மாற்றியது என்ன, எந்தத் தேதியில் என்று டைட்டில் பிளாக்குக்கு (டிராயிங்கின் பெயர், எண் இருக்கும் கட்டம்) மேலே ஒரு வரி எழுதுங்கள்.

செக்கிங்கை முழுவதும் கடைசிக்கு ஒதுக்குவது பலருக்கும் பழக்கம். சிங்கிள் லைன் முடிந்ததும் ஒருவர், கன்ட்ரோல் சர்க்யூட் முடிந்ததும் ஒருவர் பார்க்கட்டும். வரைந்தவரே செக் செய்தால் கண் தன் தப்பைத் தாண்டிப் போய்விடும்.

சாஃப்ட்வேர் பற்றி. ஆட்டோகேட் எலெக்ட்ரிக்கல், ஈபிளான் போன்றவை ஒயர் நம்பரையும் கிராஸ் ரெஃபரன்ஸையும் (ஒரே பொருள் வேறு எந்தப் பக்கத்தில் வருகிறது என்ற குறிப்பு) தானே போடும். மெட்டீரியல் லிஸ்டையும் எடுத்துத் தரும். இலவசமாக வேண்டுமென்றால் கியூ எலெக்ட்ரோடெக் இருக்கிறது. ஆனால் டேக் ஒழுங்கில்லாத ஆபீஸில் இவற்றை வாங்கிப் போட்டால் குழப்பம் வேகமாக உற்பத்தியாகும், அவ்வளவுதான். முதலில் லோடு லிஸ்ட், டெம்ப்ளேட். பிறகு லைசென்ஸுக்குப் பணம் கட்டலாம்.

சைட்டில் எலெக்ட்ரீஷியன் டிராயிங்கில் சிவப்புப் பேனாவால் போட்ட திருத்தங்களைப் போட்டோ எடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அவை மாஸ்டர் ஃபைலில் ஏறி, புது ரிவிஷன் பிரின்ட் பேனல் கதவின் பாக்கெட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அந்த வேலையை மூட வேண்டும்.