கொழும்பு பிளாட்டில் சாடித் தோட்டம்: முதலில் கீரை, தக்காளி அப்புறம்

வீட்டில் மரக்கறி வளர்க்கலாம் என்று ஆசை வந்ததும் நம்மில் பாதிப்பேர் முதலில் வாங்கி வருவது தக்காளிக் கன்றைத்தான். வேண்டாம். தக்காளிப் பூ பிஞ்சாக வேண்டுமென்றால் இரவு கொஞ்சம் குளிர வேண்டும், கொழும்பில் இரவிலும் வெப்பநிலை 23, 24 பாகைக்குக் கீழே இறங்குவது குறைவு. அதோடு இந்த ஈரலிப்பில் பக்டீரியா வாடல் வந்தால் நேற்று நிமிர்ந்து நின்ற கன்று இன்று பச்சையாகவே தலை தொங்கி விடும், மருந்தும் கிடையாது. முதல் கன்றே இப்படிப் போனால் ஆளுக்கு மனசு விட்டுப் போய், அந்தச் சாடிக்குள் அப்புறம் சிகரெட் துண்டுதான் விழும். கீரையில் தொடங்குங்கள். மூன்று நான்கு கிழமையில் சட்டிக்குள் ஏதாவது போகும், அந்தத் தைரியத்தில் மிளகாய்க்குப் போகலாம்.

கீரை என்றால் விதை கூடத் தேவையில்லை. மார்க்கெட்டில் கங்குன் (உள்ளே குழலாக இருக்கிற தண்டுக் கீரை) ஒரு கட்டு வாங்குங்கள், வெள்ளவத்தையோ கொட்டாஞ்சேனையோ, எங்கே வாங்கினாலும் சரி, தண்டு தடிப்பாகவும் வாடாமலும் இருந்தால் போதும். இலையையும் நுனியையும் வறைக்கு எடுத்துக்கொண்டு அடித்தண்டை நான்கு விரல் நீளத்துக்கு வெட்டி ஒரு கிளாஸ் தண்ணீரில் நிறுத்தி வையுங்கள், தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். சில நாளில் கணுவில் வெள்ளை வேர் விடும். இரண்டு கணு மண்ணுக்குள் போகிற மாதிரி நட்டு விடுங்கள். பொன்னாங்காணிக்கு இந்த வேலையும் இல்லை, கட்டிலிருந்து எடுத்த தண்டை நேரே மண்ணில் குத்தினாலே பிடிக்கும். வல்லாரை வாங்கும்போது வேரோடு இருக்கிற கட்டாகப் பார்த்து எடுங்கள், அது கொடியாக ஓடிச் சாடியை மூடிவிடும். புதினாவும் தண்டிலிருந்தே வரும். கறிக்கு வாசத்துக்குப் போடுகிற ரம்பைக்குப் பக்கக் கன்று ஒன்று வேண்டும், தெரிந்தவர் வீட்டு முற்றத்தில் நிச்சயம் நிற்கும், கேட்டால் தருவார்கள், அது பெருகினால் குறைக்க வழி தேடுகிற செடி.

இனி வெயில். சாடி வாங்குவதற்கு முதல் இதைப் பார்க்க வேண்டும், ஆனால் யாரும் பார்ப்பதில்லை. கொழும்பு பூமத்திய கோட்டுக்கு வடக்கே 7 பாகை அளவில்தான் இருக்கிறது, அதனால் சூரியன் வருஷத்தில் இரண்டு தடவை நம் தலைக்கு நேர் மேலே வரும், ஏப்ரல் முதல் வாரத்தை ஒட்டி ஒருதடவை, செப்டம்பர் முதல் வாரத்தை ஒட்டி இன்னொரு தடவை. இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம் சாய்ந்து நிற்கும், மற்ற மாதங்களில் தெற்குப் பக்கம். இதன் அர்த்தம், வடக்குப் பார்த்த பல்கனிக்கு ஏப்ரலிலிருந்து ஓகஸ்ட் வரை வெயில் வரும், அதற்குப் பிறகு வராது. தெற்குப் பார்த்ததற்கு அப்படியே மறுபக்கம், டிசம்பரில் நன்றாக உள்ளேயும் விழும். ஜூனில் வெயிலைப் பார்த்து விட்டு வடக்குப் பல்கனியில் மிளகாய் நட்டால் நவம்பரில் அது ஏன் மெலிந்து நீள்கிறது என்று உரத்தைக் குறை சொல்வீர்கள். கிழக்கு என்றால் காலை வெயில், எல்லாவற்றுக்கும் நல்லது. மேற்கு என்றால் பின்னேர வெயில் சுடும், கடல் பக்கம் என்றால் மே தொடங்கி செப்டம்பர் வரை தென்மேல் பருவக் காற்று உப்பையும் சேர்த்துக் கொண்டு வந்து இலை ஓரத்தைக் கருக்கும். அந்தப் பக்கம் சாடிகளைச் சுவருக்குக் கீழே தாழ வையுங்கள், கைப்பிடிச் சுவரின் மேல் வேண்டவே வேண்டாம். ஆறாம் மாடியிலிருந்து ஒரு சாடி காலி வீதிப் பக்கம் விழுந்தால் அது தோட்டப் பிரச்சினையாக இருக்காது.

நேர் வெயில் ஐந்து ஆறு மணித்தியாலம் கிடைத்தால் மிளகாய், கத்தரி, வெண்டி எதுவும் செய்யலாம். மூன்று நான்கு என்றால் கங்குன், பொன்னாங்காணி, பசளி. அதற்கும் குறைவென்றால் வல்லாரை, புதினா, ரம்பை. வெயிலே இல்லாத பல்கனியில் உடுப்புக் காயப் போடுங்கள்.

சாடிக்குக் காசு கொட்டாதீர்கள். பெயின்ட் வாளி, மீன் கடையில் வருகிற ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பிளாஸ்டிக்) பெட்டி, அரிசி வந்த உரப்பை, எல்லாம் சரிவரும், கழுவத்தான் வேண்டும். 2022 நெருக்கடியில் அரச ஊழியர்களுக்குப் பயிர் செய்ய வெள்ளிக்கிழமை விடுமுறையே கொடுத்தார்களே, அந்தக் காலத்தில் வாங்கி இப்போது மொட்டை மாடியில் வெறுமையாய்க் கிடக்கிற சாடிகள் இந்த நகரத்தில் ஏராளம், உங்கள் பிளாட்டிலேயே கேட்டுப் பாருங்கள். கீரைக்கு 6 அங்குல ஆழம் போதும், அகலம்தான் வேண்டும், அதற்கு ரெஜிபோம் பெட்டிக்கு மிஞ்சியது இல்லை. மிளகாய்க்கும் கத்தரிக்கும் 10 முதல் 15 லீற்றர் பிடிக்கிற வாளி. கறிவேப்பிலைக்கு 30 லீற்றருக்குக் குறையாமல், அதையும் நான்கைந்து இலை விட்டதும் பறிக்கத் தொடங்காமல் ஒரு வருஷம் விட்டு வைக்கப் பொறுமை இருந்தால் மட்டும். 20 லீற்றர் வாளி நனைந்த மண்ணோடு 20 கிலோவைத் தாண்டும் என்பதையும் மறக்காதீர்கள். மொட்டை மாடியில் நடுவில் குவிக்காமல் சுவர் ஓரமாக, கீழே தூணும் பீமும் இருக்கிற இடமாகப் பரப்பி வைப்பது புத்தி, அதற்கு முன் பிளாட் கமிட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது அதைவிடப் புத்தி.

கொழும்பில் சாடிச் செடி காய்ந்து சாவதைவிட வேர் அழுகிச் சாவதுதான் அதிகம். அடியில் ஐந்து ஆறு துளை, ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நுழைகிற அளவு. அடியில் கல் பரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்று சொல்வார்கள், வடியாது, கல்லுக்கு மேலே மண் அதே ஈரத்தோடுதான் நிற்கும், வேருக்கு இடம் குறைந்ததுதான் மிச்சம். துளை அடைபடாமல் ஒரு கைப்பிடி தென்னந்தும்பு போட்டால் போதும். சாடியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள்.

கீழே தட்டு வைப்பதா? கீழ்வீட்டு அன்ரியின் உடுப்புக் கொடியில் மண் தண்ணீர் சொட்டுகிறது என்றால் வைக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தத் தட்டுத்தான் டெங்கு நுளம்புக்கு வீடு. 2017 இல் நாட்டில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது, அந்தப் பயம் இன்னும் போகவில்லை. முட்டை நுளம்பாக ஒரு கிழமை பத்து நாள் போதும், அதனால் தண்ணீர் ஊற்றி அரை மணித்தியாலத்தில் தட்டைக் கவிழ்த்து விடுங்கள், கிழமைக்கு ஒருதடவை தும்பால் தேய்த்துக் கழுவுங்கள். வெறுமனே ஊற்றிக் கழுவினால் போகாது, முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு காய்ந்த நிலையிலேயே மாதக்கணக்கில் இருக்கும், தண்ணீர் பட்டதும் பொரிக்கும். குடம்பி (நுளம்புப் புழு) இருந்து பி.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வந்து பார்த்தால் 2007 ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டத்தில் வழக்குப் போடலாம். கங்குன் கிளாஸ் தண்ணீரைத் தினமும் மாற்றச் சொன்னதும் இதற்காகத்தான்.

மண் கலவையில் பெரிய இரகசியம் இல்லை: மேல்மண் ஒரு பங்கு, கூட்டெரு ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு. தனிச் சிவப்பு மண்ணை நிரப்பினால் ஒரு மாதத்தில் செங்கல் மாதிரி இறுகிவிடும். தும்புத்தூள் கட்டியாக விற்கிறது, 5 கிலோக் கட்டி ஊறினால் 60 லீற்றருக்கு மேல் பொங்கும், ஆகவே சின்ன வாளியில் ஊறப் போடாதீர்கள். ஊறியதை இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசிப் பிழியுங்கள், உப்பு இருக்கும். கன்று, மண், எரு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் பத்தரமுல்லைப் பக்கம் போகலாம், அங்கே தியத்த உயன பூங்காவிலும் கன்றுக் கடைகள் இருக்கின்றன, போனால் பூக்கன்று வாங்காமல் திரும்ப முடியாது என்பது வேறு கதை.

தண்ணீருக்கு நேர அட்டவணை போடாதீர்கள். விரலை ஒரு அங்குலம் மண்ணுக்குள் விடுங்கள், ஈரம் பட்டால் விட்டு விடுங்கள், காய்ந்திருந்தால் காலையில் அடியால் வடிகிற வரை ஊற்றுங்கள். மே மாதமும் ஒக்டோபர், நவம்பரும் மழை கொட்டுகிற காலம், அப்போது சில நாள் வாளியைத் தொடவே தேவையில்லை. ஜனவரி, பெப்ரவரியில் மொட்டை மாடிச் சாடிக்கு இரண்டு நேரமும் வேண்டி வரும். கங்குன் மட்டும் விதிவிலக்கு, அது எப்போதும் குடிக்கும்.

மழை சாடியிலுள்ள சத்தையும் கழுவிக்கொண்டு போவதால் உரத்தை ஒரே தடவையில் அள்ளிப் போடாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். இரண்டு கிழமைக்கு ஒரு கைப்பிடி கூட்டெரு, அல்லது தண்ணீரில் கரைக்கிற அல்பட் உரம், பக்கெட்டின் மேல் எழுதியிருக்கிற அளவில் பாதி. தேயிலைச் சக்கையையும் வாழைப்பழத் தோலையும் நேரே சாடியின் மேல் கொட்டுகிற பழக்கம் நம்மிடம் உண்டு, இலையான் வரும், பூஞ்சணம் பிடிக்கும். அதற்குப் பதில் மூடியுள்ள ஒரு வாளியில் துளை போட்டு, அவற்றை அதற்குள் போட்டு, ஒவ்வொரு முறையும் காய்ந்த சருகோ தும்புத்தூளோ தூவி மூடி வையுங்கள், இரண்டு மூன்று மாதத்தில் எருவாகும். மீன் கழுவின தண்ணீரும் ஊற்றலாம்தான், தெருப் பூனை முழுவதும் உங்கள் வீட்டு மாடியில் குடியேறுவது பரவாயில்லை என்றால்.

கங்குனை வேரோடு பிடுங்காமல் மண்ணிலிருந்து இரண்டு கணு விட்டு வெட்டுங்கள், திரும்பத் துளிர்க்கும். நான்கைந்து வெட்டுக்குப் பிறகு தண்டு நாராகும், அப்போது புதுத் தண்டு நடுங்கள். காகம் கூடு கட்டும் காலத்தில் தென்னந்தும்பைக் கிளறி எடுக்கும், இளம் கன்றையும் சேர்த்துப் பிடுங்கும், பழைய நுளம்பு வலைத் துண்டு ஒன்றைப் போர்த்தி விட்டால் சரி.

கீரை கைக்கு வந்த பிறகு மிளகாய். நவம்பர் கடைசியில் விதை போட்டால் பூக்கிற நேரம் மழை குறைந்த பெப்ரவரியாக இருக்கும், பூ கொட்டாது. சமையலறைச் செத்தல் மிளகாய் விதையும் முளைக்கும், ஆனால் என்ன வர்க்கம் என்று தெரியாமல் மூன்று மாதம் காத்திருப்பதைவிட எம்.ஐ. 2 மாதிரி பெயர் தெரிந்த மிளகாய் வர்க்கத்தில் ஒரு விதைப் பக்கெட் வாங்குவது மேல். ஒரு வாளிக்கு ஒரு கன்று, அதிகம் வேண்டாம். இலை சுருளத் தொடங்கினால் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், வெள்ளை ஈயோ சிற்றுண்ணியோ இருக்கும். ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய், இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், நன்றாகக் குலுக்கிப் பின்னேரத்தில் இலைக்கு அடியில் படும்படி தெளியுங்கள், கிழமைக்கு ஒருதடவை. அதற்கும் அடங்கவில்லை என்றால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு எடுத்துக் கேட்கலாம். முழுக்கச் சுருண்டு குட்டையாகிப் போன கன்றைப் பிடுங்கிப் பையில் கட்டிக் குப்பைக்குக் கொடுத்து விடுங்கள், எரு வாளிக்குள் போடாதீர்கள்.