சூடானால் மட்டும் செல்ஃப் எடுக்காத டிராக்டர்: நீங்களே சோதித்துப் பார்ப்பது எப்படி?

காலையில் சாவியைத் திருப்பினால் வண்டி ஒரே மூச்சில் ஸ்டார்ட் ஆகும். இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு, ஒரு டீ குடித்து வந்து திருப்பினால் ‘டொக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி. ஒரு மணி நேரம் கழித்துத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி எடுக்கும். இப்படி ஒரு வண்டியை வைத்துக்கொண்டு தை மாதத்தில் நெல் கொள்முதல் நிலைய வரிசையில் நின்றவர்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியும். முன்னால் இருக்கும் வண்டி நகர்ந்தால் நாமும் நாலு அடி நகர வேண்டும். அணைக்க வேண்டும், ஸ்டார்ட் செய்ய வேண்டும், மறுபடி அணைக்க வேண்டும். என்ஜின் ஆறவே ஆறாது.

நீடாமங்கலம் பக்கத்தில் இருக்கும் எங்கள் சித்தப்பாவின் டிராக்டருக்கு ஒரு சம்பா அறுவடை முழுக்க இதே கோளாறு. மேட்டுப் பகுதியாக இருந்தால் ஏதாவது ஒரு சரிவில் நிறுத்தி, உருட்டிவிட்டு ஸ்டார்ட் செய்துகொள்ளலாம். டெல்டாவில் சரிவுக்கு எங்கே போவது? எங்களுக்குச் சரிவு என்றால் ஆற்றுப் பாலத்து இறக்கம்தான். மதியச் சாப்பாட்டுக்குக்கூட வண்டியை வெண்ணாற்றுப் பாலத்து இறக்கத்தில் கல் கொடுத்து நிறுத்திவிட்டு, வெயிலில் நடந்து வீட்டுக்கு வருவார்.

அதற்குள் புது பேட்டரி வாங்கியாகிவிட்டது. என்ஜினைச் சுற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யும் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி, டவுனில் ஒரு பட்டறையில் கொடுத்து கார்பன் (உள்ளே சுற்றும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் கட்டை), புஷ் (அதன் தண்டைத் தாங்கும் வளையம்) எல்லாம் மாற்றியாகிவிட்டது. மேசையில் வைத்துச் சுற்றவிட்டுக் காட்டினார்கள்; அருமையாகச் சுற்றியது. வண்டியில் மாட்டி ஓட்டினால் மறுபடி அதே ‘டொக்’. மேசையில் இருந்தபோது மோட்டார் ஆறியிருந்தது, அதற்குச் சுமையும் இல்லை, வண்டியின் ஒயர்களும் அதில் இல்லை. அதனால்தான் இந்தப் பதிவு முழுக்க ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்: கோளாறு காட்டும் அந்தச் சூட்டிலேயே, வண்டியில் மாட்டியிருக்கும்போதே அளந்து பாருங்கள். அளக்காமல் எதையும் வாங்காதீர்கள்.

சூட்டில் மட்டும் ஏன்?

செல்ஃப் மோட்டார் என்ஜினை ஒட்டியே உட்கார்ந்திருக்கிறது. வண்டி ஓடும்போது ஃபேன் காற்றும் ரேடியேட்டர் தண்ணீரும் சூட்டை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். அணைத்ததும் இரண்டும் நின்றுவிடும். என்ஜினுக்குள் தங்கிய சூடு மெல்லப் பரவி மோட்டாருக்குள் இறங்கும். அதனால் அணைத்த கையோடு திருப்பினால் எடுக்கும், 15 நிமிடம் கழித்து எடுக்காது, ஒரு மணி நேரம் கழித்து எடுக்கும். உங்கள் வண்டி இந்த வரிசையில் நடந்துகொண்டால் சந்தேகமே வேண்டாம், சூடுதான் கோளாறை வெளிக்காட்டுகிறது.

செம்புக் கம்பி சூடாகச் சூடாக அதன் தடை கூடும். ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் சுமார் 0.39 சதவீதம். 30 டிகிரியில் இருந்த செம்புக் கம்பிச் சுருள் (காயில்) 90 டிகிரிக்குப் போனால் தடை கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு ஏறிவிடும். சரியாக இருக்கும் வண்டி இதைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் ஏற்கெனவே ஒரு துருப்பிடித்த போல்ட்டிலோ இற்றுப்போன ஒயரிலோ ஒரு வோல்ட், ஒன்றரை வோல்ட் வீணாகிக்கொண்டிருந்தால், குளிர்ச்சியில் தட்டுத்தடுமாறி எடுத்த மோட்டார் சூட்டில் கைவிட்டுவிடும். நாம் தேடப்போவது அந்த வீணாகும் இடத்தைத்தான்.

இன்னொன்று. சூடான என்ஜினில் ஆயில் இளகியிருக்கும், குளிர்ந்த என்ஜினைவிட அது சுலபமாகத்தான் சுற்ற வேண்டும். அதனால் ‘என்ஜின் டைட்டாகிவிட்டது’ என்று யாராவது சொன்னால் உடனே நம்ப வேண்டாம். டெம்பரேச்சர் முள் சிவப்பில் நின்றால் மட்டும் கதை வேறு. முதலில் ரேடியேட்டரைப் பாருங்கள்.

தொடங்குவதற்கு முன்னால்

இதை வேகமாகப் படித்துவிட்டுத் தாண்டாதீர்கள். நம் பக்கத்தில் செல்ஃப் எடுக்கவில்லை என்றால் கீழே இறங்கி நின்று, மோட்டாரின் இரண்டு போல்ட்டை ஸ்பேனரால் தொட்டு ஸ்டார்ட் செய்யும் பழக்கம் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யவே செய்யாதீர்கள். அப்படித் தொடும்போது கிளட்ச் ஸ்விட்ச், நியூட்ரல் ஸ்விட்ச் எதுவும் வேலை செய்யாது. கியரில் இருந்தால் வண்டி அந்த நொடியே கிளம்பும். நீங்கள் நிற்பது பின்சக்கரத்துக்கு நேர் முன்னால். இப்படி டிராக்டர் ஏறி உயிர் போனவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள்.

சோதனைக்கு வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். நியூட்ரல், ஹேண்ட் பிரேக், இரண்டு பின்சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கல். மோதிரம், காப்பு, செயின், இடுப்பில் வெள்ளி அரைஞாண் இருந்தால் அதையும் கழற்றி வையுங்கள். பேட்டரியின் பிளஸ்ஸுக்கும் வண்டியின் இரும்புக்கும் நடுவில் அது பட்டால் தோல் வெந்துவிடும். பேட்டரி பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடாது. மோட்டாரைச் சுற்றி வைக்கோல் தூசி அடைந்திருந்தால் முதலில் சுத்தம் செய்யுங்கள்.

தேவையானது ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர். சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். அத்துடன் இரண்டு மீட்டர் நீள ஒயர் இரண்டு எடுத்து, ஒவ்வொன்றின் இரண்டு முனையிலும் முதலை வாய் கிளிப் மாட்டிக்கொள்ளுங்கள். இந்த ஒயர் இருந்தால், கிளிப்பை மாட்டிவிட்டு சீட்டில் உட்கார்ந்தபடியே மீட்டரைப் பார்க்கலாம், சக்கரத்துக்குப் பக்கத்தில் யாரும் நிற்க வேண்டியதில்லை. ஒயர் ஃபேன் பெல்ட் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: காது கொடுத்துக் கேளுங்கள்

ஒன்றிரண்டு மணி நேரம் வேலை செய்யவிட்டு, அணைத்து 15 நிமிடம் விடுங்கள். பிறகு சாவியைத் திருப்புங்கள்.

சத்தமே இல்லை என்றால், சாவியிலிருந்து மோட்டாருக்குப் போகும் மெல்லிய ஒயர் வழியில் சந்தேகம்; சோலனாய்டு (சாவியைத் திருப்பியதும் தடித்த ஒயரின் கரண்டை மோட்டாருக்கு இணைத்துவிடும் காந்த ஸ்விட்ச்) காயிலாகவும் இருக்கலாம். ஒரே ஒரு ‘டொக்’ என்றால் சோலனாய்டு இழுக்கிறது, ஆனால் மோட்டாருக்குப் போதுமான கரண்ட் போகவில்லை, அல்லது மோட்டாருக்குள்ளேயே கோளாறு. ‘டக டக டக’ என்று அடித்தால் பெரும்பாலும் பேட்டரி பலவீனம் அல்லது டெர்மினல் பிடிப்பு இல்லை. முனகிக்கொண்டு மெதுவாகச் சுற்றினால் தடித்த ஒயர்களிலோ எர்த்திலோ (கரண்ட் வண்டியின் இரும்பு வழியாகப் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் பாதை) வோல்ட் வீணாகிறது, இல்லாவிட்டால் புஷ் தேய்ந்து ஆர்மேச்சர் (மோட்டாரின் சுற்றும் பகுதி) உள்ளே உரசுகிறது. மோட்டார் நன்றாகச் சுற்றியும் என்ஜின் பிடிக்கவில்லை என்றால் அது டீசல் பக்கக் கோளாறு, இந்தப் பதிவு அதற்கு உதவாது.

இரண்டாம் படி: பேட்டரி

மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். வண்டி அணைந்து சற்று நேரம் ஆனபின் பேட்டரியில் 12.4-க்கு மேல் இருக்க வேண்டும். முழு சார்ஜ் என்றால் 12.6. இனி டீசல் ஸ்டாப்பரை இழுத்து வைத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் மோட்டார் சுற்றினாலும் என்ஜின் ஸ்டார்ட் ஆகாது. சாவியைத் திருப்பி, சுற்றும்போது பேட்டரி வோல்ட்டைப் பாருங்கள். 9.6-க்குக் கீழே போனால் பேட்டரியைச் சார்ஜ் செய்து, கடையில் லோடு டெஸ்ட் பார்த்துவிட்டு வாருங்கள். ஒவ்வொரு தடவையும் 5 நொடிக்கு மேல் திருப்ப வேண்டாம், நடுவில் இரண்டு நிமிடமாவது மோட்டாருக்கு ஓய்வு கொடுங்கள்.

சித்தப்பா வண்டியில் 10.6 காட்டியது. பேட்டரி நன்றாகவே இருந்தது. மாற்றியிருக்கவே வேண்டாம்.

மூன்றாம் படி: வோல்ட் எங்கே வீணாகிறது?

மொத்தச் சோதனையிலும் இதுதான் உயிர்நாடி. டிராக்டர் செல்ஃப் இழுக்கும் கரண்ட் சாதாரணமாக 200 ஆம்பியரைத் தாண்டும். அந்த அளவு கரண்ட் போகும் பாதையில் ஓர் ஓமில் இருநூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே ஒரு வோல்ட் போய்விடும். அவ்வளவு சின்னத் தடையை மீட்டரின் ஓம்ஸ் பகுதி காட்டாது. பல்பு வைத்துப் பார்த்தாலும் பளிச்சென்றுதான் எரியும். கரண்ட் ஓடும்போது அந்தப் பாதையின் இரண்டு முனைக்கும் நடுவில் எத்தனை வோல்ட் என்று அளந்தால் மட்டுமே தெரியும்.

பிளஸ் பக்கம் முதலில். மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரியின் பிளஸ் ஈயக் கம்பத்திலேயே வையுங்கள். கிளாம்ப்பில் வேண்டாம், கிளாம்ப்பும் கம்பமும் சேரும் இடத்தையும் சேர்த்துத்தான் அளக்கிறோம். கறுப்பு முனையை, பேட்டரியிலிருந்து தடித்த ஒயர் வந்து சேரும் சோலனாய்டு போல்ட்டில் மாட்டுங்கள். திருப்புங்கள். 0.5 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் நல்லது.

அடுத்து சோலனாய்டு உள்ளே. சிவப்பை அதே பெரிய போல்ட்டில் வைத்து, கறுப்பை சோலனாய்டிலிருந்து மோட்டாருக்குள் போகும் இன்னொரு பெரிய போல்ட்டுக்கு மாற்றுங்கள். திருப்புவதற்கு முன் 12 காட்டும், பயப்பட வேண்டாம். சுற்றும்போது அது 0.3-க்குக் கீழே விழ வேண்டும். ‘டொக்’ சத்தம் கேட்டும் இறங்காமல் நின்றால் உள்ளே இருக்கும் செம்புத் தகடு கருகியிருக்கிறது. சோலனாய்டை மட்டும் மாற்றினால் போதும், மோட்டாரைத் தொட வேண்டாம்.

கடைசியாக எர்த். ஒரு முனை பேட்டரியின் மைனஸ் கம்பத்தில், இன்னொன்று மோட்டார் உடம்பில் பெயின்ட் இல்லாத இரும்பில். 0.2, அதிகம் போனால் 0.3. அதற்கு மேல் போகக் கூடாது.

இங்கேதான் எங்களுக்கு 1.6 வந்தது. காலையில் குளிர்ச்சியில் அளந்தபோது 0.7. அதுவும் கெட்ட அளவுதான், ஆனால் வண்டி எப்படியோ எடுத்துவிட்டது. சூட்டில் மோட்டார் மெதுவாகும். மெதுவாகச் சுற்றும் மோட்டார் இன்னும் அதிகக் கரண்ட் இழுக்கும். கரண்ட் கூடக் கூட அந்த இடத்தில் வீணாவதும் கூடும். 10.6-இல் 1.6 போய், பிளஸ் பக்கத்தில் 0.3 போய், மோட்டாருக்குக் கிடைத்தது 8.7 வோல்ட்தான்.

பேட்டரி மைனஸிலிருந்து வரும் பின்னல் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். கியர்பாக்ஸ் பக்கவாட்டில் ஒரு போல்ட்டில் முடிகிறது. போல்ட்டே தெரியவில்லை, கேஜ் வீல் போட்டுச் சேறடித்தபோது தெறித்த மண் செங்கல்போல் இறுகி அதை மூடியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டி எடுத்து, போல்ட்டைக் கழற்றினேன். லக்கின் (ஒயர் முனையில் போல்ட் நுழையும் வளையம்) அடிப்பக்கம் முழுக்கப் பச்சை பூத்திருந்தது. பின்னலில் பாதி இழைகள் அறுந்து, கையில் எடுத்ததும் பொடியாக உதிர்ந்தன. லக்குக்கும் இரும்புக்கும் நடுவில் பெயின்ட் வேறு.

புது எர்த் ஒயர், உப்புத்தாளால் இரும்பு பளபளக்கும்வரை தேய்ப்பு, ஸ்பிரிங் வாஷர், இறுக்கிய பிறகு மேலே கொஞ்சம் கிரீஸ். அவ்வளவுதான் வேலை. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இருப்பவர்கள் இந்த இடத்தை இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும். உப்புக்காற்று செம்பை விடாது.

நான்காம் படி: மெல்லிய ஒயர்

சத்தமே வராத வண்டிகளுக்கு இது. சோலனாய்டில் சின்னதாக ஒரு டெர்மினல் இருக்கும், சாவியைத் திருப்பினால் அதற்குத்தான் கரண்ட் வரும். அதற்கும் மோட்டார் உடம்புக்கும் நடுவில், சூட்டில், திருப்பும்போது அளங்கள். அந்த நேரத்தில் பேட்டரியில் இருப்பதைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் சாவி ஸ்விட்ச், நியூட்ரல் ஸ்விட்ச், நடுவில் உள்ள கனெக்டர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஸ்விட்ச் பழசாகித் தேய்ந்திருந்தால் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் சொல்லி, மோட்டாருக்குப் பக்கத்தில் ஃப்யூஸோடு ஒரு ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டை இணைக்கும் ஸ்விட்ச்) போட்டுக்கொள்ளலாம். நியூட்ரல் ஸ்விட்ச்சை விட்டுவிட்டு நேராக இழுக்கச் சம்மதிக்காதீர்கள்.

வோல்ட் முழுசாக வந்தும் சத்தம் இல்லை என்றால் ஈரத் துணி சோதனை. சாவியை அணைத்து எடுத்துவிட்டு, நன்றாகப் பிழிந்த துணியை டெர்மினல்களில் படாமல் சோலனாய்டு மேல் போட்டு ஐந்து நிமிடம் வையுங்கள், அப்புறம் துணியை எடுத்துவிட்டுத் திருப்புங்கள். எடுத்தால் சோலனாய்டு காயில்தான். வாளித் தண்ணீரை ஊற்றாதீர்கள். சூடான வார்ப்பிரும்பு விரிசல் விடலாம்.

ஐந்தாம் படி: மோட்டாரைக் கழற்ற வேண்டியது எப்போது?

மேலே சொன்ன அளவுகள் எல்லாம் சரியாக வந்த பிறகுதான். ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டும்போது மட்டும் எடுத்தால் கார்பன் தேய்ந்திருக்கிறது. ஓங்கி அடிக்க வேண்டாம், காந்தம் வைத்த மோட்டாராக இருந்தால் காந்தம் விண்டுபோகும். பட்டறையில் கொடுக்கும்போது உங்கள் அளவுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: குளிர்ச்சியில் இவ்வளவு, சூட்டில் இவ்வளவு என்று. புஷ், ஆர்மேச்சர், கார்பன் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

எர்த் ஒயர் மாற்றிய அன்று மதியம் இரண்டு நடை நெல் அடித்துவிட்டு வந்து, 15 நிமிடம் கழித்து மறுபடி அளந்தோம். 0.1 வோல்ட். சித்தப்பா அந்த எண்ணைப் பேட்டரி பெட்டி மூடியின் உள்பக்கம் பெயின்ட்டால் எழுதி வைத்திருக்கிறார். குறுவைக்கு, தாளடிக்கு என்று ஒவ்வொரு தடவை சேறடித்து முடித்ததும் அந்தப் போல்ட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்து, மீட்டர் வைத்துப் பார்த்து, பக்கத்திலேயே புது எண்ணைத் தேதியோடு எழுதுகிறார். வண்டி இப்போது வீட்டு வாசலில்தான் நிற்கிறது.