மீன் வண்டியின் பின் பிரேக்: வீல் சிலிண்டரை வீட்டிலேயே மாற்றுவது

பிரேக் ஆயில் டப்பாவில் ஆயில் குறைந்திருந்தால் நம் பக்கத்து வண்டிக்காரர்கள் பலரும் கொஞ்சம் ஊற்றி நிரப்பிவிட்டு வண்டியை எடுத்துவிடுகிறோம். நானும் இரண்டு மாதம் அப்படித்தான் ஓட்டினேன். ஒரு நாள் விடியற்காலை பாம்பனில் நண்டு ஏற்றிக்கொண்டு, ரோட்டுப் பாலத்தின் உச்சியைத் தாண்டி மண்டபம் பக்கம் இறங்குகிறேன். முன்னால் போன வேன், ரயில் பாலத்தைப் பார்க்க ஓரமாக நின்றது. பெடலை மிதித்தால் பாதிக்கு மேல் சத்தமில்லாமல் உள்ளே போனது. இரண்டாவது தடவை மிதித்து, இரண்டாம் கியருக்கு இறக்கித்தான் வண்டி நின்றது. வேனுக்கும் எனக்கும் நடுவில் ஒரு மீன் பெட்டி வைக்கிற இடம் இருந்தது.

அன்றைக்கு நிறுத்திக் கொடுத்தது முன் பிரேக். பெடலை மிதிக்கும்போது ஆயிலைப் பைப்புகளுக்குத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டருக்குள் இரண்டு அறை உண்டு. என் வண்டி மாதிரியான பிக்கப்களில் ஒன்று முன் சக்கரங்களுக்கு, மற்றது பின் சக்கரங்களுக்கு. பின்பக்கம் ஆயில் ஒழுகிப் போனாலும் முன்பக்கம் பிடிக்கும். ஆனால் ஒரு டன் சுமையோடு இறக்கத்தில் முன் பிரேக்கை மட்டும் நம்பி ஓட்டக் கூடாது.

ஆயில் காற்றில் கரைந்து போகாது. முன் டிஸ்க் பேடு தேயத் தேய டப்பாவில் மட்டம் மெதுவாக, கொஞ்சமாக இறங்கும். அது இயல்பு. மாதத்துக்கு ஒரு விரல்கடை இறங்குகிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது. நம் கடற்கரையில் முதலில் பார்க்க வேண்டிய இடம் பின் சக்கர வீல் சிலிண்டர்தான், அதாவது பெடலை மிதிக்கும்போது டிரம்முக்குள் இருக்கிற பிரேக் ஷூவைத் தள்ளி டிரம்மைப் பிடிக்க வைக்கிற சிறு உருளை. காரணம் எளிது. ஐஸ் பெட்டியில் இருந்து வடிகிற உப்புத் தண்ணீர் தொட்டியின் இடுக்கு வழியாக நேராகப் பின் அச்சின் மேல் விழுகிறது. அதோடு மணலும், கச்சான் காற்றில் வருகிற உப்பு ஈரமும். வீல் சிலிண்டரின் இரண்டு முனையிலும் இருக்கிற ரப்பர் பூட் ஓரத்தில் ஈரம் ஏறி, உள்ளே துரு பிடித்து, அந்தத் துரு ரப்பர் கப்பை அறுக்கிறது. சக்கரத்தின் உள்பக்கம் டயரில் ஈரக்கோடு தெரிந்தால், டிரம்முக்குப் பின்னால் இருக்கிற தகடான பேக் பிளேட்டின் அடியில் கறுப்பாக நனைந்திருந்தால், சந்தேகமே வேண்டாம்.

இந்த வேலையை நான் தடைக்காலத்தில் வைத்துக்கொள்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு போகாது, லோடு குறைவு. ஆனால் ஒழுகலைப் பார்த்துவிட்டால் தடைக்காலம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். காற்று கிளம்புவதற்கு முன், காலை ஆறு மணிக்கே ஆரம்பியுங்கள். பிரேக் வேலைக்குள் ஒரு சிட்டிகை மணல் விழுந்தாலும் பட்ட பாடு வீண். நான் வீட்டுச் சுவர் மறைவில் நிறுத்தி, காற்று வருகிற பக்கம் தார்ப்பாய் கட்டிக்கொள்வேன்.

வாங்க வேண்டியவை: இரண்டு பக்கத்துக்கும் புது வீல் சிலிண்டர், ஷூ நனைந்திருந்தால் ஒரு செட் ஷூ, டப்பா மூடியில் எழுதியிருக்கிற வகை பிரேக் ஆயில் அரை லிட்டர். ஒரு பக்கம் மட்டும் ஒழுகினாலும் இரண்டையும் மாற்றுங்கள். ஒரே உப்பில் ஊறியவைதான் இரண்டும். பழைய சிலிண்டரைக் கடைக்குக் கொண்டுபோய் உள்விட்டத்தை ஒப்பிட்டு வாங்குங்கள். வெளியே ஒரே மாதிரி இருக்கும், உள்விட்டம் வேறாக இருக்கும்.

கிட் போட்டால் போதும் என்று சொல்வார்கள். கிட் என்றால் ரப்பர் கப்பும் பூட்டும் மட்டும். எனக்கு முன்பு ஒரு பட்டறையில் அப்படித்தான் போட்டுக் கொடுத்தார்கள். ஐந்தாவது வாரம் மறுபடி ஒழுகியது. இந்தத் தடவை நானே கழற்றிப் பார்த்தேன். ரப்பர் பூட்டை நகத்தால் நெம்பியதும் டீ டிக்காஷன் மாதிரி ஆயில் சொட்டியது, பின்னாலேயே செம்மண் குழம்பு மாதிரி துரு. பிஸ்டனைத் தள்ளிவிட்டு உள்ளே துணியால் துடைத்து, வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் சிலிண்டர் சுவரில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள். விரல் நகத்தைச் சுவரில் ஓட்டிப் பாருங்கள். நகம் எங்காவது மாட்டினால் அந்தச் சிலிண்டர் முடிந்தது. எவ்வளவு நல்ல கப் போட்டாலும் அந்தக் குழியில் உரசி உரசிக் கிழியும்.

ஆயிலைப் பற்றி ஒன்று. டாட் 3, டாட் 4 என்ற இரண்டு வகைப் பிரேக் ஆயிலும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 குறைந்தது 230 டிகிரியில்தான் கொதிக்க வேண்டும் என்பது கணக்கு. ஈரம் ஏறியபின் அதே ஆயிலுக்கு 155 டிகிரி இருந்தாலே போதும் என்று விதி வைத்திருக்கிறார்கள். அவ்வளவு இறங்கிவிடும் என்று அர்த்தம். ராமநாதபுரம் சமவெளியில் இது தெரியாது. கருவாடு ஏற்றிக் குமுளி போய்விட்டு லோயர் கேம்ப் இறங்கும்போது தெரியும்: ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சாகிவிடும். அதனால் டின்னை வேலை நேரத்தில்தான் உடைக்க வேண்டும். போன வருடம் திறந்து அலமாரியில் வைத்த மிச்சத்தை ஊற்றாதீர்கள். டாட் 5 என்பது சிலிகான், வேறு சாதி. இவற்றோடு கலக்கக் கூடாது. எஞ்சின் ஆயில், டீசல், பெட்ரோல் எதுவும் இந்த ரப்பர் பக்கமே வரக் கூடாது. ரப்பர் ஊதிப்போகும்.

சரி, வேலைக்கு வருவோம்.

முந்தின நாள் சாயங்காலமே பேக் பிளேட்டின் பின்பக்கம் இருக்கிற பைப் நட்டுக்கும், சிலிண்டரைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டுக்கும் துரு இளக்கும் ஆயில் அடித்து வையுங்கள். இரவு முழுதும் ஊறட்டும்.

தொட்டியைக் காலி செய்துவிட்டு வண்டியைச் சமமான இடத்தில் நிறுத்துங்கள். டிரம் கழற்ற ஹேண்ட் பிரேக் விட்டிருக்க வேண்டும். பின் சக்கரம் தூக்கியபின் கியரும் வண்டியைப் பிடிக்காது, ஏனென்றால் கியர் பிடிப்பதே பின் சக்கரத்தைத்தான். ஆகவே இரண்டு முன் சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை அண்டை கொடுங்கள். நம் ஊர் மணலில் ஜாக்கி புதையும். பழைய வள்ளம் பிரித்தபோது வாங்கிய இரண்டு அங்குலப் பலகை என்னிடம் இருக்கிறது. ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் அதுதான் தரை. ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே கை வைக்காதீர்கள். ஸ்டாண்டைச் சேஸிஸுக்குக் கொடுக்காமல் பின் அச்சுக்குக் கொடுங்கள். இதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது, ஏர் எடுக்கும்போது, அதாவது பைப்புக்குள் புகுந்த காற்றை வெளியேற்றும்போது சொல்கிறேன்.

சக்கரத்தைக் கழற்றுங்கள். டிரம் துருவில் ஒட்டியிருக்கும். பல டிரம்களில் மரை போட்ட இரண்டு ஓட்டை இருக்கும். அதில் பொருத்தமான போல்ட்டை மாற்றி மாற்றி முறுக்கினால் டிரம் தானே வெளியே தள்ளிக்கொண்டு வரும். வராவிட்டால் பேக் பிளேட் ஓட்டை வழியாக, ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவில் இடைவெளி வைக்கிற அட்ஜஸ்டரைத் தளர்த்துங்கள். சுத்தியலால் ஓங்கி அடித்தால் டிரம் விளிம்பு உடையும். உள்ளே இருக்கிற தூசியை வாயால் ஊதாதீர்கள், காற்றுக் குழாயும் வேண்டாம். ஷூவின் மேல் ஒட்டியிருக்கிற பழைய லைனரில் அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு பக்க டிரம்மை மட்டும் திறங்கள். போனில் படம் எடுத்து வைத்தாலும், எந்த ஸ்பிரிங் எந்த ஓட்டையில் என்று குழம்பினால் மறுபக்கம் இருக்கிறது பார்க்க. டிரம் இல்லாத நேரத்தில் யாரும் பெடலை மிதிக்கக் கூடாது. வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். ஸ்பிரிங் கழற்றும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வேலையில் உயிர் நிலை பைப் நட்டுதான். சாதா வாய் ஸ்பேனர் போட்டால் முனை மழுங்கி நட்டு உருண்டையாகிவிடும். அப்புறம் பைப்பையே மாற்ற வேண்டும். பிரேக் பைப்புக்கென்று ஒரு பக்கம் வெட்டு விட்ட ரிங் ஸ்பேனர் கிடைக்கும், அதை வாங்குங்கள். சிலிண்டர் இன்னும் போல்ட்டில் உறுதியாக இருக்கும்போதே நட்டை இளக்குங்கள். நட்டோடு பைப்பும் சேர்ந்து திரும்பினால் நிறுத்துங்கள். சற்று இறுக்கி, ஆயில் அடித்து, மறுபடி இளக்கி, இப்படி முன்னும் பின்னுமாக. எனக்கு வலது பக்கம் பத்து நிமிடம், இடது பக்கம் ஒன்றரை மணி நேரம் ஆனது. பைப் கழன்றதும் அதன் முனைக்கு ரப்பர் மூடி போட்டுவிடுங்கள். டப்பாவின் வாயில் பாலிதீன் தாள் வைத்து மூடியை இறுக்கினாலும் ஒழுக்கு குறையும். டப்பா முழுதும் வற்ற விட்டால் மாஸ்டர் சிலிண்டருக்குள் காற்று ஏறி வேலை இரட்டிப்பாகும். ஏபிஎஸ் உள்ள வண்டி என்றால் காற்று அந்த யூனிட்டுக்குள் போய்விடலாம்; அதை எடுக்கப் பட்டறைக் கருவி தேவைப்படும்.

பெயிண்டில் பிரேக் ஆயில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள். துடைக்க வேண்டாம், கழுவுங்கள், தண்ணீரில் கரைந்துவிடும். விட்டால் பெயிண்ட் உரியும்.

புதுச் சிலிண்டரைப் பொருத்தும்போது முதலில் பைப் நட்டை விரலால் மட்டும் மூன்று நான்கு சுற்று ஏற்றுங்கள். சிலிண்டர் தொங்கலாக இருக்கும்போதுதான் மரை நேராக ஏறும். அதற்குப் பிறகு இரண்டு போல்ட், கடைசியில் பைப் நட்டை இறுக்குதல். மாற்றிச் செய்தால் மரை கோணி, முதல் நாளே ஒழுகும்.

ஆயிலில் நனைந்த ஷூவைப் பெட்ரோலில் கழுவி, வெயிலில் காயவைத்து, சிலர் தீயில் வாட்டிக்கூடப் போடுகிறார்கள். வேண்டாம். லைனர் குடித்த ஆயில் சூட்டில் மறுபடி வெளியே வரும். வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். இரண்டு பக்கமும் புது ஷூ. டிரம்மைச் சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள். அட்ஜஸ்டரை, டிரம் சுற்றும்போது ஷூ லேசாக உரசுகிற சத்தம் கேட்கும்வரை ஏற்றுங்கள்.

இரண்டு பக்கமும் முடிந்தபின் ஏர் எடுக்க வேண்டும். பல பிக்கப்களில் பின் அச்சுக்கு மேலே சேஸிஸில் ஒரு வால்வு இருக்கும், அதில் இருந்து ஒரு கம்பி அச்சுக்குப் போகும். தொட்டியில் சுமை இருந்தால் சேஸிஸ் தாழும், கம்பி அதைச் சொல்லும், வால்வு பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும். அச்சு தொங்கினால், வண்டி காலி என்று எண்ணி வால்வு பின்பக்க அழுத்தத்தைக் குறைத்துவிடும். ஆயில் சரியாக வராது, எவ்வளவு மிதித்தாலும் காற்று போகாது. அச்சுக்கு ஸ்டாண்ட் கொடுக்கச் சொன்னது இதனால்தான்.

கொத்தனார் மட்டம் பார்க்கிற தெளிவான டியூப்பில் ஒரு துண்டு எடுத்து, வீல் சிலிண்டரின் பின்னால் காற்றை வெளியே விட இருக்கிற நிப்பிளில் மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் புது ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் முக்குங்கள். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரம் முதலில். நம் வண்டிகளில் பெரும்பாலும் இடது பின் சக்கரம். மேனுவலில் வேறு வரிசை இருந்தால் அதுதான் சரி. பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டு வையுங்கள். பழைய மாஸ்டர் சிலிண்டரில் பெடல் தினமும் போகாத அடிப்பகுதியில் துரு இருக்கும். அடிவரை மிதித்தால் அங்கே உள்ள ரப்பர் கிழிந்துவிடும்.

மிதிப்பது என் மகள், பத்தாவது படிக்கிறாள். நான் கீழே இருந்து, "மிதி பாப்பா" என்பேன். "பிடிச்சிருக்கேன்ப்பா" என்று அவள் குரல் வந்தபிறகுதான் நிப்பிளைக் கால் சுற்று திறப்பேன். ஆயில் பாயும், பெடல் இறங்கும். நிப்பிளை மூடிவிட்டு, "விடு" என்பேன். மூடுவதற்கு முன் அவள் காலை எடுத்தால் காற்று திரும்பி உள்ளே போகும், அதனால் இந்த மூன்று சொல்லும் சத்தமாகவே இருக்கட்டும். முதலில் கறுப்பு ஆயில், நடுநடுவே குமிழி. அப்புறம் பொடிக் குமிழி. கடைசியில் இளந்தேன் நிறத்தில் தெளிவாக ஒரே கோடாக வரும். ஐந்தாறு மிதிக்கு ஒரு தடவை டப்பாவில் ஆயில் நிரப்புங்கள். இடையில் வற்றினால் முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

முடிந்ததும் எஞ்சின் அணைந்த நிலையில் பெடலை நாலைந்து தடவை மிதித்து, அழுத்திப் பிடித்துக்கொண்டு எஞ்சினை ஓட விடுங்கள். பெடல் சற்றே இறங்கி நின்றால், மிதிக்கு எஞ்சின் பலம் சேர்க்கிற பூஸ்டர் நன்றாக இருக்கிறது. அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மெதுவாக இறங்கிக்கொண்டே போனால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள் விடுகிறது; வண்டியைத் தெருவுக்கு எடுக்காதீர்கள். பெடல் பஞ்சாக இருந்தால் இன்னும் காற்று இருக்கிறது, மறுபடி எடுங்கள். பெடல் நின்றால் முதலில் தெருவுக்குள் நடை வேகத்தில், பிறகு ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் 30 கிலோமீட்டர் வேகத்தில் பிடித்துப் பாருங்கள். திரும்பி வந்து பைப் நட்டுகளைச் சுற்றி வெள்ளைத் தாளால் ஒற்றிப் பாருங்கள். ஈரம் பட்டால் உடனே தெரியும்.

பழைய ஆயிலை மணலில் ஊற்றாதீர்கள். ஆடு, கோழி, குழந்தை வாய் வைக்காத இடத்தில் மூடி போட்டு வைத்து, கழிவு ஆயில் எடுக்கிறவரிடம் தனியாகக் கொடுங்கள்.

நான் டப்பாவில் ஆயில் மட்டத்துக்கு நேராக ஒரு வெள்ளை டேப் ஒட்டித் தேதி எழுதியிருக்கிறேன். லோடு இறக்கியதும் தொட்டியைக் கழுவுகிற அதே நல்ல தண்ணீரில் பின் அச்சையும் பேக் பிளேட்டையும் கழுவுகிறேன். ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறந்து டேப்பைப் பார்ப்பேன். ஆயில் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் டின்னைத் தேட மாட்டேன், டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போவேன்.